தடியும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். ஊரார் வாக்கே வேண்டும்

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். சில ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்நாட்டில் வீட்டிலேயே பியர் ஆக்கிக் குடிப்போர் பலர். அவர்களுக்கு வேண்டிய பொருள்களை விற்பதற்கென்றே கடைகளும் உண்டு. முளைகட்டி உலர்த்திய பார்லி, அதன் சாறு, ஹொப்ஸ் பூ, ஈஸ்ட், கண்ணாடிச் சாடி, சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி என்று எல்லாம் அங்கே கிடைக்கும். அப்படிப்பட்ட பொருள்களைத் தருவித்து, வீட்டிலிருந்தபடியே பொதி கட்டி அனுப்பி விற்கத் தொடங்கியிருந்தார் இந்த இளைஞர். கேட்போர் தொகை பெருகவே, கடையொன்று திறக்க எண்ணினார். எங்கே? காத்தான்குடிப் பிரதான வீதியில்!

“அந்தத் தெருவில் கடை எடுத்தவன் தோற்கமாட்டான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஐயா. வாடகை ஒப்பந்தத்தை நீங்கள் எழுதித் தரவேண்டும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பேரீச்ச மரங்கள் வரிசையாய் நிற்கும் அந்தத் தெருவில் புடைவை விற்கலாம், பொன் விற்கலாம், பாத்திரம் விற்கலாம். மதுவை ஹராம் என விலக்கிய மக்கள் செறிந்து வாழும் ஊரில், மது ஆக்கும் சாமான் விற்க ஒருவர் கடை தேடுகிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆயினும் அவர் போன பின் சிரிப்பு நின்றது, சிந்தனை தொடங்கிற்று. இந்தக் கடை திறக்கப்படலாமா, கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது? கொழும்பிலுள்ள திணைக்களத்துடையதா? அமைச்சருடையதா? பள்ளிவாசல் முன்றலில் கூடும் கூட்டத்தினுடையதா? அல்லது அந்த ஊரில் வாழும் ஆண் பெண் அனைவருடையதுமா? கடை சிறியது, கேள்வி பெரியது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டும் இன்றுவரை இந்நாட்டை ஆண்டு வருகிறது. அனுமதிப்பத்திரமின்றி எவரும் மது ஆக்கலாகாது என்பது அதன் அடிப்படை விதி. விற்பதற்காக அன்று, என் வீட்டுப் பாவனைக்காகவே பியர் நொதிக்க வைத்தேன் என்பது நீதிமன்றத்தில் செல்லாது. அஃது அம்மட்டில் நிற்கவில்லை. மது ஆக்கும் நோக்கத்தோடு மூலப்பொருளோ பாத்திரமோ கருவியோ வைத்திருப்பதையும் குற்றமாக்கியுள்ளது. இவற்றை ஏன் வைத்திருந்தான் என்பதற்கு எதிரி தகுந்த விளக்கம் தராவிடின், அவனுக்கு எதிராக ஊகித்துக்கொள்ளவும் இடமளித்துள்ளது.

இதன் பொருள் என்ன? ஈஸ்ட் எந்த வெதுப்பகத்திலும் உண்டு. சீனி எந்தப் பலசரக்குக் கடையிலும் உண்டு. பிளாஸ்டிக் பீப்பா எந்த இரும்புக் கடையிலும் உண்டு. அவை தனித்தனியே இருக்கும்வரை எவரும் ஏன் என்று கேளார். அவற்றை ஒரே கூரையின் கீழ் அடுக்கி, ‘வீட்டில் பியர் ஆக்கப் பொருள்கள்’ என்று பலகை எழுதி மாட்டினால், அந்தப் பலகையே நோக்கத்துக்குச் சாட்சியாகிவிடும். கடைக்காரர் பிடிபடுவது ஒருபுறமிருக்க, அவரிடம் சாமான் வாங்கிச் சென்றவர் வீட்டுக் கதவையும் மதுவரிப் பரிசோதகர் தட்டுவார். ஆகவே, “தம்பி, இப்போதுள்ள சட்டத்தில் இந்தக் கடை உம்மையும் உம்முடைய வாடிக்கையாளரையும் நீதவான் முன் கொண்டுபோய் நிறுத்தும். கடையும் வேண்டாம், பொதியும் வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினேன். சட்டத்தரணியின் கடமை அத்துடன் முடிந்தது.

ஆனால் சட்டம் இன்னதென்று சொல்வதோடு அரசியல் தொண்டனின் கடமை முடிவதில்லை. அந்தச் சட்டம் நீதியானதா என்றும் அவன் கேட்டாக வேண்டும்.

நீதவான் நீதிமன்றங்களில் மதுவரி வழக்குகள் அழைக்கப்படும் காட்சியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கசிப்புப் போத்தலோடு பிடிபட்ட கூலியாள் கூண்டில் ஏறுவார். கோடா நிறைந்த பீப்பாவின் அருகில் நின்ற விதவைத் தாய் ஏறுவார். குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள், தண்டம் கட்டுவார்கள், போவார்கள். சில மாதம் கழித்து அதே முகங்கள் திரும்பி வரும். பீப்பாவுக்குப் பணம் போட்ட முதலாளி ஒருநாளும் கூண்டில் ஏறுவதில்லை. ஏழையின் பீப்பாவில் சட்டம் காட்டும் கண்டிப்பைச் செல்வனின் ஆலையில் காட்டுகிறதா? 2017ஆம் ஆண்டில் இதே மாவட்டத்தில், கல்குடாவில் எழுந்த எரிசாராய ஆலையை வேண்டாமென்று மக்கள் குரல் எழுப்பினர். செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர் இருவர் தாக்கப்பட்டனர். அந்த ஆலை தங்கள் மண்ணில் எழலாமா என்று அப்பகுதித் தாய்மாரிடம் அதற்குமுன் எவரேனும் வாக்குக் கேட்டதுண்டா? இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வு நேற்றுப் பிறந்ததன்று. 1849இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் பியர் ஆக்க முனைந்தார். இந்நாட்டுப் பியர்த் தொழிலின் வரலாற்றை அவர் பெயரோடுதான் தொடங்குகிறார்கள். ஆங்கிலத் துரை ஆக்கியது கைத்தொழில். நம்மவன் ஆக்கியது களவு! 1912ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அது வருமானத்துக்காக மக்களைக் குடிக்கவைக்கும் சட்டம் என்று கண்டித்து நாடெங்கும் மதுவிலக்குச் சங்கங்கள் எழுந்தன. சேனநாயக்க சகோதரர்களும் டி. பி. ஜயதிலகவும் அவ்வியக்கத்தில் நின்று வளர்ந்தவர்களே. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தைச் சாட்டாக வைத்து ஆங்கில அரசு அவர்களைச் சிறையிலிட்டபோது, அவர்களுக்காக இங்கிலாந்து வரை சென்று வாதாடியவர் நம் பொன்னம்பலம் இராமநாதன். தவறணைக்கு எதிராக எழுந்த குரலே இந்நாட்டில் சுயராச்சியக் குரலுக்கு முன்னோடியாயிற்று என்றால் அது மிகையன்று.

அந்த இயக்கம் வெறும் கூச்சலாக நின்றுவிடவில்லை. அரிய உரிமை ஒன்றை அஃது ஈட்டித் தந்தது. தங்கள் ஊரில் தவறணை இருக்கலாமா என்று ஊரவரே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை இந்நாட்டில் வழங்கிற்று. மக்கள் மனுக் கொடுப்பர், வாக்கெடுப்பு நடக்கும், வேண்டாமென்று வாக்களித்தோர் குறித்த விகிதத்தை எட்டினால் தவறணை மூடப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல தவறணைகள் இவ்வழியேதான் மூடப்பட்டன. கல்லெறியவில்லை, தீ வைக்கவில்லை, வாக்கு மூடிற்று. அந்நியன் ஆட்சியில் நம் பாட்டனார் பெற்றிருந்த அந்த உரிமை சுதந்திர நாட்டில் நமக்கு வழக்கொழிந்து போயிற்று. என்ன விந்தை!

அந்த வாக்குப் போன இடத்தில் என்ன வந்தது? கையெழுத்து வந்தது. 2024ஆம் ஆண்டில் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன என்ற விவரம் அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளிவந்தது. போரில் நொந்த கிளிநொச்சியும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. சிபாரிசு செய்தவர் யார், பெற்றவர் யார் என்று தேர்தல் மேடைகளில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டனர். ஊரவரைக் கேட்டீர்களா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

கையெழுத்தின் நிலையாமைக்கு இன்னொரு சான்று. பெண்களுக்கு மது விற்கலாகாது என்று 1979இல் ஒரு விதி செய்தார்கள். 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் அதனை நீக்கினார். சில நாள்களுக்குள் சனாதிபதி தலையிட்டு, நீக்கியதை மீட்கச் செய்தார். நாட்டுப் பெண்களில் ஒருவரிடமேனும் இவ்விருவரும் கேட்டதுண்டா? பெண்ணுக்கு விற்பதா இல்லையா என்பதையும் ஆண்கள் இருவர் பேனாவால் எழுதி அழித்தார்கள். 1931 முதல் பெண்ணும் வாக்களிக்கும் நாடு இது!

கையெழுத்தின் கதை இவ்வாறெனில், தடியின் கதை அதனினும் கொடிது. காத்தான்குடி மக்கள் அதனை அறிவார்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவுத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வூர்ப் பள்ளிவாசல்கள் இரண்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். தமிழர் பெயரால் ஆயுதம் ஏந்தியோர் மீது சுமத்தப்பட்ட பழி அது. தமிழ் அரசியல் பேசும் ஒவ்வொருவரும் தலைகுனிந்து நினைக்க வேண்டிய நாள் அது. பின்னர் 2017 மார்ச் 10ஆம் நாள், அலியார் சந்தியில், மார்க்கக் கருத்து வேற்றுமை மோதலாக வெடித்து இரத்தம் சிந்திற்று. எது சரியான மார்க்கம் என்பதைத் தடியாலும் வாளாலும் தீர்க்கலாம் என்று எண்ணிய கூட்டத்தின் தலைவன் அன்று தலைமறைவானான். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் வெடித்த குண்டுகளின் பின்னால் நின்றவன் அவனே. அந்தப் பாவத்தில் பங்கில்லாத ஆயிரமாயிரம் காத்தான்குடி மக்கள் அதற்குப் பின் பட்ட அவமானத்தை நாம் கண்டோம்.

ஆகவே, ‘இப்படியொரு கடை திறந்தால் ஊர் பார்த்துக்கொள்ளும்’ என்று எவரேனும் கூறும்போது எனக்கு நெஞ்சு நடுங்குகிறது. ஊர் பார்த்துக்கொள்ளும் என்றால் என்ன? நாலு பேர் பலகையை இறக்குவதா? இன்று பியர்ச் சாமான் கடைக்குப் பாயும் தடி நாளை வேறொரு மௌலவியின் வீட்டுக்குப் பாயாதென்று யார் உறுதி தருவார்? மது கூடாது என்ற ஊராரின் கொள்கையை நான் மதிக்கிறேன். அந்தக் கொள்கைக்குச் சட்டத்தின் வலிமை வேண்டும் என்பதும் நியாயமே. அதற்கான வழி வாக்கு, வேறில்லை.

இங்கே உலக அனுபவத்தையும் சிறிது நோக்குவோம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடந்தது. அக்காலத்தில் பார்லிச் சாறு ரொட்டிக்கென்று பலசரக்குக் கடைகளில் விற்கப்பட்டது. வாங்கியவர் வீட்டில் ரொட்டி வேகவில்லை, பியர் நுரைத்தது! விற்றவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும், சட்டத்துக்கும் தெரியும். மதுவிலக்கு நீங்கிய பின்னரும் வீட்டில் பியர் ஆக்குவது அந்நாட்டுச் சமஷ்டிச் சட்டத்தில் நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே அதற்கு வழி திறந்தது. வயது வந்தவர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கலன், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 கலன், விற்கக்கூடாது. பிரித்தானியாவில் 1880 முதல் வீட்டில் பியர் ஆக்கவும் உத்தரவுப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963இல் அது நீக்கப்பட்டது. அதன் பின்னரே அத்தகைய கடைகள் அங்கே தழைத்தன.

இவ்விரு நாடுகளும் ஒன்றில் உறுதியாய் நின்றன. நொதிக்க வைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு என்று பிரித்தன. வீட்டில் பியர் ஆக்க விட்டவர்கள், உத்தரவின்றி வீட்டில் சாராயம் காய்ச்சி வடிக்க இன்றுவரை விடவில்லை. நம் சட்டமோ அடுப்பில்லாத சாடியையும் அடுப்பேற்றிய அண்டாவையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. நொதித்த பானம் மயக்கும். கண் தெரியாத காய்ச்சலும் கலப்படமும் கொல்லும். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் மெத்தனோல் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே! 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதையும் தழுவிற்று, 1971இல் தளர்த்தப்பட்டது. இன்று அரசே கடை வைத்து விற்கிறது. விற்றும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. மேலிருந்து மூடினாலும் ஊர் தன் மனத்தால் ஏற்காவிடின் மூடியதாகாது. மேலிருந்து திறந்தாலும் நஞ்சு நிற்பதில்லை. இவ்விரண்டையும் தமிழ்நாடு நமக்குப் பாடமாகக் காட்டி நிற்கிறது.

எனவே நாம் கோருவது யாது? நான்கு செய்திகள்.

முதலாவது, மது விற்கவோ ஆக்கவோ, மது ஆக்கும் பொருள் விற்கவோ விண்ணப்பம் வந்தால், அது தமிழிலும் எழுதப்பட்டு, பிரதேச செயலகத்திலும் உள்ளூராட்சி மன்றத்திலும் யாவரும் காணத் தூக்கப்படல் வேண்டும். விண்ணப்பித்தவர் பெயரும், சிபாரிசு செய்தவர் உளராயின் அவர் பெயரும் மறைக்கப்படலாகாது.

இரண்டாவது, உரிய தொகையினர் மனுக் கொடுத்தால் ஊர் வாக்கெடுப்பு நடத்தல் வேண்டும். ஆண் பெண் அனைவரும் இரகசிய வாக்கு அளிப்பர். சில ஆண்டுகளுக்கொருமுறை அதனை மீண்டும் கேட்கவும் வழி இருத்தல் வேண்டும். இன்றைய பெரும்பான்மை நாளைய தலைமுறையின் வாயைப் பூட்டலாகாது.

மூன்றாவது, எல்லைக் கிராமங்களும் அந்த வாக்கில் பங்கு பெறல் வேண்டும். காத்தான்குடி தன் எல்லைக்குள் வேண்டாமென்று தீர்த்துவிட்டு, எல்லைக் கல்லுக்கு அப்பால் ஆரையம்பதிப் பக்கம் கடை வந்தால் எமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அவ்வாறே தமிழ்க் கிராமத்தின் எல்லையில் நிற்கும் தவறணையின் கேட்டை முஸ்லிம் அயலவரும் சுமக்கிறார்கள். குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபடும் தமிழ்த் தாயும், தன் பிள்ளை அந்த வழியே போகாதிருக்க வேண்டுமே என்று ஏங்கும் முஸ்லிம் தாயும் இந்த ஒரு வாக்கில் ஒரு கட்சி. தமிழ் பேசும் மக்கள் என்று மேடையில் முழங்குகிறோமே, அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுக்க இதனினும் நல்ல களம் எது?

நான்காவது, நொதித்தலையும் காய்ச்சி வடித்தலையும் சட்டம் பிரித்தறிதல் வேண்டும். ஊர் இசைந்த இடத்தில், அளவு வரையறுத்து, விற்பனைக்கன்றி வீட்டுப் பாவனைக்கு மட்டும் நொதிக்க வைப்போரைக் குற்றவாளியாக்குதல் வேண்டியதில்லை. வடக்கில் ஒருகாலத்தில் மரவரி முறை வழங்கிற்று. மரத்துக்கு வரி கட்டிய சீவல் தொழிலாளி இடைத்தரகனின்றித் தன் கள்ளைத் தானே விற்றான். பின்னர் பனை தென்னைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. சிறு உற்பத்தியாளனைச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு அவை சான்று.

இதற்கு மறுப்பு எழும் என்பதை அறிவேன். ‘பெரும்பான்மை வாக்கால் தனிமனிதனின் சுதந்திரத்தை ஒடுக்கலாமா? இந்த நாட்டில் பெரும்பான்மையின் கொடுமையை அனுபவித்த தமிழரே இதைக் கேட்கலாமா?’ என்பர். நல்ல கேள்வி. விடை இதுதான்: மொழியும் மதமும் குடியுரிமையும் வாக்கெடுப்புக்கு உரியன அல்ல; அவை பிறப்புரிமை. தெருவில் மதுக்கடை வைப்பது பிறப்புரிமையன்று. எவரும் அனுமதி பெற்றே செய்யும் வாணிபம். அந்த அனுமதியை யாரோ ஒருவர் தரத்தான் போகிறார். எங்கோ இருக்கும் ஒருவர் தருவதினும், கடையின் வாசலைக் கடந்து பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர் தருவது நீதியன்றோ? ஊர் வாக்குக் கடை முகப்பைத் தீர்மானிக்கட்டும். ஒருவன் வீட்டு அலமாரியைத் துருவ அதற்கு அதிகாரம் வேண்டாம்.

‘வாக்கு வைத்தால் பணக்காரர் போத்தல் கொடுத்து வாங்கிவிடுவர்’ என்று இன்னொரு மறுப்பு. வாங்கப் பார்ப்பார்கள்தான். பாராளுமன்றத் தேர்தலிலும் பார்க்கிறார்கள். அதற்காகத் தேர்தலை ஒழித்துவிட்டோமா? ஒரு கையெழுத்தை வாங்குவது எளிது. ஊர் முழுவதையும் வாங்குவது அரிது.

2025 மே 6ஆம் நாள் நடந்த தேர்தலின் பின் நம் உள்ளூராட்சி மன்றங்களில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்தனர். காத்தான்குடி நகர சபையும் மண்முனைப் பற்றுப் பிரதேச சபையும் இவ்விடயத்தில் ஒரே வாசகத்தில் ஒரே நாளில் தீர்மானம் நிறைவேற்றட்டும். அத்தீர்மானத்துக்கு இன்று சட்ட வலு இல்லை என்பது உண்மை. ஆனால் 1912இல் எழுந்த சங்கங்களுக்கு மட்டும் சட்ட வலுவா இருந்தது? மாதர் சங்கங்கள் மனு எழுதட்டும். உலமாக்களும் குருக்களும் பாதிரிமாரும் அதில் ஒப்பமிடட்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி எதுவாயினும், 1912ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் பிரேரணையைக் கொண்டுவரட்டும். கொண்டுவராதவர் அடுத்த தேர்தலில் நம் படலையைத் திறக்கும்போது, ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்போம்.

அந்த இளைஞர் பின்னர் ஒருநாள் மீண்டும் வந்தார். பியர்ச் சாமான் எண்ணத்தைக் கைவிட்டு, வெதுப்பகங்களுக்கு மாவும் ஈஸ்டும் விற்கும் கடை ஒன்றுக்கு ஒப்பந்தம் எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது கேட்டார்: “ஐயா, வாக்கு வைத்தால் என் கடை தோற்றுவிடும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் தம்பி. காத்தான்குடியில் நிச்சயமாகத் தோற்கும். ஆனால் உம்மைத் தோற்கடித்தவர் யாரென்று உமக்குத் தெரிந்திருக்கும். அவரோடு பேசி, அடுத்த முறை அவர் மனத்தை மாற்ற முயலும் உரிமையும் உமக்கு இருக்கும். தடியோடும் கையெழுத்தோடும் பேச முடியாது” என்றேன்.